புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்கு: அன்றாட வாழ்வில் விசுவாசத்தைக் கடைப்பிடிப்பதும் பகிர்வதும்

சபைக்குப் புதிதாக வந்து சேர்கிறவர்கள் போதகரிடம் கேட்கும் கேள்விகளில் இரண்டு தவறாமல் இடம்பெறுகின்றன. ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியபின், திங்கள் முதல் சனி வரை என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. தாம் பெற்றுக்கொண்ட விசுவாசத்தைப் பிறரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஒழுங்காக விடை கண்டவருக்கு இரண்டாவது கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடுகிறது என்பது என் கருத்து. பேதுருவின் முதலாம் நிருபம் 3ஆம் அதிகாரம் 15ஆம் வசனம், நம்முடைய நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. அந்த வசனத்தில் முன்னால் நிற்பது பிறருடைய கேள்வி; நம்முடைய பேச்சு அதற்குப் பின்னால்தான் வருகிறது. கேள்வி எழும்படியாக வாழாமல் பதிலை மட்டும் வீதியெங்கும் கொண்டு செல்வதால் கேட்பவருக்குச் சலிப்பும் சொல்பவருக்கு மனக்கசப்புமே மிஞ்சுகின்றன. ஆகவே கீழே சொல்லப்படும் வரிசையில் பேச்சு பிற்பகுதியில்தான் வருகிறது. தமிழ்நாட்டின் சீர்திருத்த (புராட்டஸ்டண்டு) சபைகளின் வழக்கத்தை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சபைகளில் சில நடைமுறைகள் வேறுபடும்.

முதலாவது: வாசிப்பும் தனி ஜெபமும்

வேதாகமத்தை ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக வாசிக்க முற்படுகிறவர்களில் பலர் லேவியராகமத்தின் பலி முறைமைகளுக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். புதியவர் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குவது நல்லது. அதில் 16 அதிகாரங்களே உள்ளன. நாளுக்கு ஒன்றாக வாசித்தால் இரண்டு வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் இயேசுவின் ஊழியத்தையும் பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் ஒருமுறை முழுமையாகக் கண்டுவிடலாம். நான்கு சுவிசேஷங்களுக்கும் சேர்த்து 89 அதிகாரங்கள்தான் என்பதால் மூன்று மாதங்களில் அவை அனைத்தையும் முடித்துவிடலாம். அதன்பின் யாக்கோபின் நிருபத்துக்குச் செல்லுங்கள். ஐந்தே அதிகாரங்கள் கொண்ட அந்த நிருபத்தில் நாவடக்கம், கூலி, ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையில் காட்டப்படும் பட்சபாதம் ஆகியவற்றைப் பற்றி அன்றாட வாழ்வுக்குத் தேவையானது நிறைய இருக்கிறது.

பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பின் நடை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காதுக்கு இனிமையாக இருந்தாலும், சபைச் சூழலில் வளராதவருக்கு அதன் சில பகுதிகள் விளங்குவதில்லை. அப்படிப்பட்டவர்கள், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பையும் அருகில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆராதனையில் பழைய மொழிபெயர்ப்பே வாசிக்கப்படும் என்பதால் இரண்டும் பழகியிருப்பது உதவியாக இருக்கும்.

அதிகாலையோ இரவோ, உங்கள் வீட்டுக்கு ஏற்ற நேரம் ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். வாசித்து முடித்ததும், இன்று நான் செய்ய வேண்டியதாக இந்தப் பகுதியில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்த வரி எவ்வளவு சிறிய செயலைக் குறிக்கிறதோ அவ்வளவுக்கு அது நடைபெறும். "எல்லோரையும் நேசிப்பேன்" என்று எழுதியவருக்கு மாலையில் சரிபார்க்க ஒன்றுமிருக்காது. "தம்பியிடம் பேசி மாதக்கணக்காகிறது, இன்று அவனை அழைப்பேன்" என்று எழுதியவருக்கு இருக்கும். ஜெபத்துக்குத் தனி மொழி தேவையில்லை. மேடையில் ஜெபிக்கிறவர்களின் அடுக்குச் சொற்களைப் பின்பற்ற முயல வேண்டாம். சொற்கள் வராத நாளில், இயேசு தம் சீஷருக்குக் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலே போதும்.

இரண்டாவது: வீட்டார்

குடும்பம் முழுவதும் சபையைச் சேர்ந்ததாக இருந்தால், இரவு உணவுக்கு முன்போ பின்போ குடும்ப ஜெபத்தைத் தொடங்கலாம். ஒரு கீர்த்தனை அல்லது பாமாலைப் பாட்டு, வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம், வேறொரு சிறு வேதபகுதி, அக்கம்பக்கத்தாரின் தேவைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரு ஜெபம், இறுதியாகப் பரமண்டல ஜெபம் என்ற ஒழுங்கு தென் மாவட்ட வீடுகளில் தலைமுறைகளாக இருந்து வருகிறது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். தூங்கி விழும் குழந்தையை அதட்டி எழுப்பும் ஜெபத்தால் அந்தக் குழந்தைக்கு ஜெபத்தின்மேல் வெறுப்புத்தான் வளரும். பிள்ளைகள் முறை வைத்து வாசிக்கட்டும். அன்று யாராவது வீட்டில் கோபத்தில் தவறாகப் பேசியிருந்தால், பெற்றோரே ஆனாலும், ஜெபத்துக்கு முன் மன்னிப்புக் கேட்பது நல்ல வழக்கம்.

வீட்டில் நீங்கள் ஒருவரே விசுவாசத்துக்கு வந்திருந்தால் நிலைமை வேறு. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். புதிய உற்சாகத்தில் வீட்டுச் சாமி படங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசுவதும், பூசையறை இருக்கும் திசையில் முகம் சுளிப்பதும், பண்டிகை நாட்களில் அறையைத் தாழிட்டுக்கொள்வதும் விசுவாச வைராக்கியம் என்று எண்ணப்படுகின்றன. உண்மையில் அவை பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளையை மீறுவதாகவே முடிகின்றன. வழிபாட்டில் பங்குகொள்ள இயலாது என்பது உங்கள் மனச்சாட்சிக்குரிய விஷயம். அதைப் பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பே, தாயிடமோ தந்தையிடமோ தனியாக அமர்ந்து, தாழ்ந்த குரலில் சொல்லிவிடுங்கள். உறவினர் கூடியிருக்கும் வேளையில், தட்டை நீட்டும்போது மறுப்பதைவிட இது இரு தரப்பாருக்கும் எளிது. படைத்த உணவை உண்பதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களை ஆற அமர வாசித்து, போதகரோடு கலந்து முடிவெடுங்கள். சபைகளுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. எந்த முடிவாயினும், கொடுப்பவரின் அன்பைத் தட்டிவிடும் விதத்தில் அது வெளிப்படக் கூடாது.

மறுத்த வழிபாட்டுக்கு ஈடாக மற்ற வேலைகளில் முன்னால் நில்லுங்கள். பந்தியில் இலை போடுவது, வெளியூரிலிருந்து வரும் பாட்டியைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வருவது, இழவு வீட்டில் முதல் ஆளாக நின்று நாற்காலி, தண்ணீர், ஐஸ் பெட்டி ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வது என உடலுழைப்பைக் கேட்கும் கடமைகள் எந்தக் குடும்பத்திலும் உண்டு. சபைக்குப் போகத் தொடங்கியபின் பிள்ளை வீட்டைவிட்டு விலகிவிட்டான் என்று பெற்றோர் சொல்வதும், முன்னைவிடப் பொறுப்பாகிவிட்டான் என்று சொல்வதும் இந்தக் கடமைகளைப் பொறுத்தே அமையும்.

மூன்றாவது: பணமும் வேலையிடமும்

வரி வசூலிப்போரின் தலைவனான சகேயு இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட அன்றே, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னான் என்று லூக்கா 19ஆம் அதிகாரம் கூறுகிறது. மனமாற்றத்தின் அடையாளமாக அந்தப் பகுதியில் முதலில் வெளிப்படுவது கணக்கு வழக்குதான். ஆகவே புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் தம்முடைய கடன்களின் பட்டியலை எழுதுவது நல்ல தொடக்கம். திருப்பித் தர வேண்டிய கைமாற்று, கட்டாமல் விட்ட சீட்டுத் தவணை, இரவல் வாங்கி மறந்துபோன பொருள் எல்லாவற்றையும் அதில் சேருங்கள். ஒரே நாளில் தீர்க்க முடியாவிட்டால், கடன் கொடுத்தவரை நேரில் கண்டு தவணை சொல்லுங்கள். தொலைபேசியை எடுக்காமல் தப்பிக்கும் ஒருவர் அதே எண்ணுக்குக் காலையில் வசனம் அனுப்பினால், பெறுகிறவர் என்ன நினைப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடை வைத்திருப்பவர் எடையிலும், ஒப்பந்ததாரர் பொருளின் தரத்திலும், அலுவலகத்தில் இருப்பவர் லஞ்சத்திலும் வருகைப் பதிவிலும் சோதிக்கப்படுகிறார்கள். உங்களிடம் கூலிக்கு வேலை செய்கிறவர் இருந்தால், கூலியை மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்வதை அப்படியே பின்பற்றலாம். வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கு வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்காமல், நாம் மட்டும் ஓய்வுநாளை ஆசரிக்கப் புறப்படுவது பொருத்தமாக இல்லை.

வரதட்சணையையும் சாதியையும் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் சபையில் உள்ள மூத்தவர்களைப் பார்த்து இவற்றைக் கற்றுக்கொள்ளும் அபாயம் புதியவர்களுக்கு உண்டு. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும். சாதி பார்த்து வரன் தேடும் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏராளம். கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவினை நிலவும் ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இவை பழக்கத்தால் சபைக்குள் வந்தவையே தவிர விசுவாசத்தின் பகுதிகள் அல்ல. புதியவரான நீங்கள் இவற்றை ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்லர்.

காணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சம்பளம் வந்த அன்றே ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுப்போம் என்றால் எதுவும் மிஞ்சாது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுச் சேர்க்கும் கிராமத்துப் பெண்களின் வழக்கத்திலும் இதே ஒழுங்குதான் இருக்கிறது. பத்தில் ஒன்று என்பது பொதுவான அளவு. கடனில் இருப்பவர் போதகரோடு பேசிச் சிறிய அளவில் தொடங்கலாம். கொடுத்ததை வெளியில் சொல்லாதிருங்கள்.

நான்காவது: நோயுற்றோரையும் துக்கத்தில் இருப்போரையும் சந்தித்தல்

தமிழகக் கிறிஸ்தவத்தின் வரலாற்றில் மருத்துவமனைகளுக்குப் பெரிய இடம் உண்டு. 1922இல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்த தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், பயணத்தின் முடிவில் தெற்கே வந்தபோது நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்திருந்த கூட்டத்தையும் அங்கிருந்த மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு, லண்டனில் தமக்கு இருந்த வாய்ப்புகளை விட்டுவிட்டு அங்கேயே பணிசெய்ய வந்தார். நம்மில் பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை தெரியாது. ஆனால் நோயாளியின் அருகில் சரியாக நடந்துகொள்வதை எவரும் கற்றுக்கொள்ளலாம்.

மருத்துவமனைக்குப் பார்வை நேரத்தில் மட்டும் செல்லுங்கள். இருவருக்கு மேல் சேர்ந்து போக வேண்டாம். கட்டிலில் உட்காராதீர்கள். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். "எப்படி இப்படி ஆயிற்று" என்று தொடக்கத்திலிருந்து கதை கேட்பதைத் தவிருங்கள். அந்தக் கதையை அவர் அன்றைக்கே பலரிடம் சொல்லிக் களைத்திருப்பார். துணைக்கு இருக்கும் மனைவியோ மகனோ சாப்பிட்டார்களா என்று கேட்டு, அவர்கள் குளித்து வர ஒருமணி நேரம் நீங்கள் காவல் இருப்பதாகச் சொன்னால் அது பழங்களைவிடப் பயன்படும். ஜெபிக்க விரும்பினால் நோயாளியிடம் அனுமதி கேளுங்கள். அவர் வேறு சமயத்தவராக இருந்தால் கட்டாயம் கேளுங்கள், வேண்டாம் என்றால் முகம் மாறாமல் விடைபெறுங்கள். ஜெபம் அடுத்த கட்டிலுக்குக் கேட்காத குரலில் ஓரிரு நிமிடத்துக்குள் முடியட்டும்; மருத்துவர்களையும் செவிலியர்களையும் அதில் நினைவுகூருங்கள். சுகம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வது எந்தச் சூழலிலும் குற்றத்துக்குச் சமம். அப்படிச் சொல்லும் ஊழியர் யாரேனும் உங்கள் வட்டத்தில் இருந்தால், உங்கள் போதகரிடம் தெரிவியுங்கள்.

துக்க வீட்டில் இன்னும் குறைவாகவே பேச வேண்டும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்; வாயைத் திறந்தபின்தான் தவறினார்கள். "எல்லாம் தேவ சித்தம்" என்ற சொல் இழந்தவர் தம்மைத் தேற்றிக்கொள்ளச் சொல்லலாம்; வந்தவர் சொல்வதற்கு உரியதன்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் கலைந்து போனபின், ஒருமாதம் கழித்து மறுபடியும் அந்த வீட்டுக்குப் போங்கள். வங்கிக் கணக்கை மாற்றுவது, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது போன்ற வேலைகளில் துணை தேவைப்படும் காலம் அதுதான்.

ஐந்தாவது: கேட்கிறவருக்குச் சொல்லுதல்

இவ்வாறு வாழ்கிறவரிடம் என்றாவது ஒருநாள் யாராவது கேட்பார்கள். லஞ்சத்தை ஏன் மறுத்தீர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போகிறீர்கள், அந்த வீட்டுக்கு நீங்கள் ஏன் இவ்வளவு செய்கிறீர்கள் என்று கேள்வி எந்த வடிவிலும் வரலாம். அன்று தடுமாறாமல் இருக்க, உங்கள் அனுபவத்தை முன்கூட்டியே ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முன்பு எப்படி இருந்தீர்கள், இயேசுவைப் பற்றி யாரிடம் எப்படி அறிந்தீர்கள், இப்போது எது மாறியிருக்கிறது, எது இன்னும் மாறவில்லை என்ற நான்கும் அதில் இருக்கட்டும். நான்காவதை விட்டுவிடாதீர்கள், கேட்பவர் உங்களை நம்புவது அதனால்தான். முந்தைய வாழ்க்கையை இருட்டாகக் காட்டுவதற்காக இல்லாத பாவங்களைச் சேர்ப்பது பொய்ச்சாட்சி. சபைக்குள் மட்டும் வழங்கும் சொற்களைத் தவிர்த்து, தேநீர்க் கடையில் புரியும் தமிழில் எழுதி, மூன்று நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள்.

சொல்வதற்கு முன் கேளுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, சிறுவர்களோடு மணலில் எழுத்துப் பழகித் தமிழ் கற்றார்; தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்தார்; இந்த ஊராரின் நம்பிக்கைகளைப் பற்றி அவர்களிடமே கடிதம் மூலம் கேள்விகள் கேட்டுப் பதில் பெற்றார். அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதி முடித்த நூலை ஐரோப்பாவில் இருந்த மேலாளர்கள் அச்சிட விரும்பவில்லை. அது 1867இல்தான் சென்னையில் வெளியாயிற்று. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து வெளிவந்ததன் பின்னால் இத்தகைய கவனமான கேட்டல் இருக்கிறது. அவருடைய எல்லா முடிவுகளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. எனினும், அண்டை வீட்டாரின் விரதம் எதற்காக என்று ஒருமுறைகூடக் கேட்டறியாமல் அவருக்குப் போதிக்கப் புறப்படுகிறவர் சீகன்பால்குவைவிட முன்னூறு ஆண்டுகள் பின்தங்கியிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்திருங்கள். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒருவர் தம் சமயத்தைக் கைக்கொள்ளவும் பின்பற்றவும் பரப்பவும் உரிமை அளிக்கிறது. பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு சில மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. சட்டம் எப்படியிருந்தாலும், பணம், வேலை, பள்ளி இடம், கடன் தள்ளுபடி போன்ற எதையும் விசுவாசத்தோடு முடிச்சுப்போடக் கூடாது. உங்கள் கீழ் வேலை செய்கிறவரிடமும், உங்கள் மாணவரிடமும், உங்கள் சிகிச்சையில் இருக்கும் நோயாளியிடமும் நீங்களாகப் பேச்சைத் தொடங்காதிருப்பதே நேர்மை, ஏனெனில் வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அவர்களுக்குக் குறைவு. பிறருடைய குழந்தைகளிடம் பெற்றோர் அறியாமல் பேசவே கூடாது.

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி வரும் நேரத்தைத் தெரிவிக்கும் இடத்தில் தினமும் வசனப் படம் அனுப்புவதை விட்டுவிடுங்கள். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஒலிபெருக்கி வேண்டாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கிக்கு விதிகளிலேயே தடை உண்டு. பகலிலும்கூட, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உள்ள பக்கத்து வீட்டார் நம்முடைய பாட்டை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். இரைச்சலைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆறாவது: ஒருவர் வர விரும்பினால்

ஆராதனைக்கு வரட்டுமா என்று நண்பர் கேட்டால், இடத்தைச் சொல்லி அனுப்பாமல் உடன் அழைத்துச் சென்று அருகில் அமருங்கள். காலணியை எங்கே விட வேண்டும், எப்போது எழுந்து நிற்பார்கள், ஆராதனை எவ்வளவு நேரம் நடக்கும் என்பவற்றை முதல்நாளே சொல்லிவிடுங்கள். காணிக்கைப் பை வரும்போது போட வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தில் பங்குபெறுவது, ஞானஸ்நானமும் அதை உறுதிசெய்யும் திடப்படுத்தலும் பெற்றவர்களுக்குரியது என்பதால் அப்போது அமர்ந்திருக்கலாம் என்றும் முன்பே அறிந்திருந்தால் அவருக்குக் கூச்சம் இருக்காது. அறிமுக வேளையில் அவரை எழுப்பி நிறுத்துவது சில சபைகளில் வழக்கம். அவருக்கு விருப்பமா என்று கேட்டு, இல்லையென்றால் போதகரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அவர் ஞானஸ்நானம் கேட்கும் நிலைக்கு வந்தால் அவசரப்படுத்த வேண்டாம்; போதகர் நடத்தும் ஆயத்த வகுப்பில் சில மாதங்கள் இருக்கட்டும். அத்துடன் ஒரு செய்தியை அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவராக மாறினால் அந்தப் பிரிவுக்குரிய இடஒதுக்கீட்டையும் சலுகைகளையும் இழக்கிறார். தமிழ்நாட்டில் அத்தகையோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். இது நியாயமா என்பது பற்றி நீண்டகால வழக்கும் போராட்டமும் உண்டு. எனினும் படிப்பையோ அரசு வேலையையோ எதிர்நோக்கியிருக்கும் ஒருவர் இதை ஞானஸ்நானத்துக்குப் பின் வேறு யாரிடமோ கேட்டறியும்படி விடுவது நம்பிக்கைத் துரோகம். அவர் குடும்பத்தாரிடம் பேசிவிட்டாரா என்றும் கேளுங்கள்; பேசத் தயங்கினால், அவர் விரும்பும்பட்சத்தில், போதகரையும் அழைத்துக்கொண்டு அவர் பெற்றோரை நேரில் சந்தித்து அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அமைதியாகப் பதில் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டபின் வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய தீபாவளிப் பலகாரத்துக்குப் பதிலாகக் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தனுப்பும் வழக்கத்தையும், அவர்கள் வீட்டு நோயாளியைப் பார்க்கப் போகும் வழக்கத்தையும் அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.